முதல் வெட்டு பாஷா பாயுடையது

ஓசூரில் பாகலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் நாராயணப்பன் லைன் என்று ஒரு வரிசை வீடுகள் உண்டு. ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள், அவ்வளவு நெருக்கம். கட்டிய நாராயணப்பன் விவரமானவர். தான் மட்டும் உத்தனப்பள்ளியில் தோட்டத்து நடுவே காற்றோட்டமாக இருந்துகொண்டு, வாடகைக்கு மட்டும் வந்து தலையைக் காட்டுவார். எண்பதுகளில் சிப்காட்டில் கம்பெனிகள் முளைக்க முளைக்க லைனும் நிரம்பியது. சேலத்துக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், மாலூர்க் கன்னடக்காரர்கள், குப்பத்துத் தெலுங்குக்காரர்கள் என்று எல்லாத் தினுசும் அங்கே உண்டு. காலையில் கம்பெனி பஸ் வந்து நின்றால் ஆண்கள் மொத்தப் பேரும் சாப்பாட்டு டப்பாவோடு ஏறிப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு லைனில் மீசையோடு மிஞ்சுகிற ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று பூனை, இன்னொன்று கௌஸ் பாஷா.

பூனையை யாரும் எழுப்பவில்லை. பாஷாவைத்தான் எழுப்பினார்கள்.

கௌஸ் பாஷா பேக்கரி மாஸ்டர். நசருல்லா பேக்கரியின் விறகு அடுப்பு, அதாவது பட்டி, அவர் பொறுப்பு. ஊர் தூங்குகிற நேரமெல்லாம் பன்னும் ரொட்டியும் போட்டு எடுத்துவிட்டு, ஊர் வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்கு வருவார். உடம்பெல்லாம் மைதா மாவு. குளித்து, ஒரு டீ குடித்து, பாயை விரித்தால் சாயங்காலம் வரை தூங்க வேண்டும். தூங்கினால்தான் மறுபடி பட்டி முன்னால் நிற்க முடியும். நல்ல மனுஷன். யார் எதைக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல அவர் வாய்க்கு வராது. நல்லவர் என்று பட்டம் வாங்குவதற்கு வேண்டுமானால் இது நல்ல குணம். குடும்பம் நடத்துவதற்கு ஆகாது.

எழுப்புவதற்குக் காரணம் பரங்கிக்காய். முழுப் பரங்கிக்காயில் பெண்கள் முதல் வெட்டு போடக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வீடுகளில் சட்டம். போட்டால் தலைச்சன் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள். ஓர் ஆண் கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்து கொடுத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் பெண்கள் அதை என்ன பாடு வேண்டுமானாலும் படுத்தலாம். கிராமத்தில் இது ஒரு சிரமமே இல்லை. எந்நேரமும் யாராவது ஒருத்தர் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருப்பார். ஷிப்ட் வந்த ஊரில் அப்படி ஆள் கிடைக்குமா? கம்பெனி கட்டியவர்கள் தண்ணீரை யோசித்தார்கள், கரண்டை யோசித்தார்கள், ரோட்டை யோசித்தார்கள். பரங்கிக்காயை ஒருத்தர்கூட யோசிக்கவில்லை.

முதன்முதலில் கதவைத் தட்டியவர் கோடி வீட்டு வெங்கடம்மாள். குப்பத்துக்காரர், வாட்டசாட்டமான உடம்பு, அதைவிட வாட்டசாட்டமான குரல். பேரிகைச் சந்தையிலிருந்து அவர் வாங்கி வந்த காய் ஒரு சின்ன அம்மிக்கல் அளவு இருந்தது.

“பாய், தூங்கறீங்களா? ஒரே ஒரு வெட்டு. இத மட்டும் பொளந்து குடுத்துட்டுப் படுத்துக்குங்க.”

பாஷா தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்து வெட்டிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுச் செல்வம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. “அக்கா, பாய் நம்ம ஆளுங்க இல்லியே. அவரு வெட்டுனா செல்லுமா?”

வெங்கடம்மாள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “நம்ம வீட்டுப் பொம்பளைங்க வெட்டக் கூடாது, அவ்வளவுதான் பேச்சு. வேற யாரு வெட்டுனா நமக்கு இன்னா?”

லைன் முழுக்க இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. இதை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் வெங்கடம்மாள் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து தட்டத் தொடங்கிய கதவு நிற்கவில்லை. சேலத்துக்காரர்கள் அரசாணி என்றார்கள், வெங்கடம்மாள் கும்மடிகாய் என்றார், மாலூர்க்காரர்கள் கும்பளகாயி என்றார்கள். எந்தப் பெயரோடு வந்தாலும் வெட்டுவது பாஷா பாய்தான். அடுத்த தெருவிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. ஒரு கண்ணைத் திறந்து, ஒரு கண்ணை மூடியபடியே வெட்டுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. மூடின கண் தூங்கிக்கொண்டிருப்பதாக அவர் சொல்வார்.

சொல்லப்போனால் அவருக்கு உள்ளூர ஒரு பெருமையும் இருந்தது. பேக்கரியில் அவரைக் கூப்பிடுகிற ஒரே ஆள் முதலாளி நசருல்லா, அதுவும் திட்டுவதற்கு. இங்கே பெண்கள் காயும் கையுமாக வாசலில் நின்று, “பாய் எழுந்துட்டாரா?” என்று மரியாதையாகக் கேட்கிறார்கள். கலெக்டரைப் பார்க்கக் காத்திருப்பதைப் போலக் காத்திருக்கிறார்கள். யாருக்குத்தான் பிடிக்காது?

பெருமை அவருக்கு, பரங்கி அவர் மனைவிக்கு. வெட்டிய கையை வெறுங்கையாக அனுப்பக் கூடாது என்பது அதே சட்டத்தின் இன்னொரு பிரிவு. ஆளாளுக்கு ஒரு பெரிய துண்டைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். வாங்காவிட்டால் கொடுத்த வீட்டுக்கு ஆகாதாம். வஜிஹா அதைக் குழம்பு வைத்தாள், கூட்டு வைத்தாள், துவையல் அரைத்தாள், அல்வா கிண்டினாள், தோசை மாவில் துருவிப் போட்டாள். மிச்சத்தைத் தெருவில் போகிற மாட்டுக்குப் போட்டாள். இரண்டாம் வாரம் மாடு அந்தத் தெரு வழியாக வருவதையே விட்டுவிட்டது. மாட்டுக்கு இருக்கிற வசதி வஜிஹாவுக்கு இல்லை. அவள் அதே வீட்டில்தானே இருக்க வேண்டும்.

ஆனாலும் அவள் பரங்கிக்காகக் கோபித்துக்கொண்டு போகவில்லை. போனது அணைக்கட்டுக்காக.

கல்யாணமான நாளிலிருந்து கிருஷ்ணகிரி அணையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. வேப்பனப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவள், பக்கத்தில்தான் அணை, ஆனால் பார்த்ததில்லை. பாஷாவுக்கு விடுமுறை கிடைத்த ஒரு நாள், புதுப் புடவை கட்டி, பையில் எலுமிச்சைச் சாதம் எடுத்துக்கொண்டு இருவரும் வாசலைத் தாண்டினார்கள். அப்போது செல்வம்மாள் காயோடு வந்தார். “ஒரே ஒரு வெட்டு பாய்.” பாஷா திரும்பி உள்ளே போனார். அதற்குள் பின்னாலேயே ஒருத்தர், அவருக்குப் பின்னால் இன்னொருத்தர். பாய் இன்றைக்கு ஊரில் இல்லை என்று தெரிந்ததும், நாளைக்கு வேண்டியதையும் இன்றே வெட்டிக்கொள்ளலாம் என்று லைன் மொத்தமும் வந்துவிட்டது. வஜிஹா பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கிருஷ்ணகிரி பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது.

கடைசிக் காயை வெட்டிவிட்டுப் பாஷா நிமிர்ந்தபோது அவள் அதே பையோடு தெருமுனையில் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப் போய்ப் பிடித்தார்.

“வஜிஹா, மத்தியான பஸ்ஸுல போயிரலாம்.”

“நீங்க வெட்டிக்கினே இருங்க. நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அந்த வூட்டுல பரங்கி இருக்கற வரைக்கும் நான் இருக்க மாட்டேன்.”

“குடுக்கறவங்கள எப்பிடி வேணாம்னு சொல்றது?”

“ஊருக்கு வேணாம்னு சொல்ல முடியல. எனக்கு மட்டும் சுலுவா சொல்ல வருது, இல்ல?”

பஸ் வந்தது, அவள் ஏறிவிட்டாள்.

வீடு வெறிச்சென்று போனது. பாஷாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நல்ல தூக்கம் என்பது முன்பே இல்லை, இப்போது கெட்ட தூக்கமும் இல்லை. பட்டி முன்னால் நின்றுகொண்டு பன்னைக் கருக விட்டார். “பொண்டாட்டி போனா பன்னு இன்னா பண்ணுச்சு?” என்று நசருல்லா கத்தினார். நசருல்லா முதலாளி மட்டுமில்லை, வஜிஹாவுக்கு மாமன் முறை. இந்தக் கல்யாணத்தைப் பேசி முடித்து வைத்தவரும் அவரே. கத்திய வாயாலேயே அவர் வேப்பனப்பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்.

பதில் மாமியாரிடமிருந்து வந்தது. ஃபகருன்னிசா பேகம் பேச்சில் தேன், பார்வையில் போலீஸ். வெள்ளிக்கிழமை மத்தியானம் மகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வருவார்களாம். வீட்டைத் தன் கண்ணால் பார்ப்பாராம். சுத்தமாக இருந்தால் மகளை விட்டுவிட்டுப் போவாராம். ஒரு துண்டு பரங்கி கண்ணில் பட்டாலும் அடுத்த பஸ்ஸிலேயே கையோடு கூட்டிப் போய்விடுவாராம்.

பாஷா வீட்டைத் துடைத்து வைத்தார். பரணில் மறந்து கிடந்த ஒரு காயைக் கண்டுபிடித்து, பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் முன்பின் தெரியாத ஒருவர் கையில் திணித்துவிட்டு ஓடி வந்தார். ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைத்தார். பிரியாணி தானே செய்வதாகத் திட்டம். தொட்டுக்கொள்ள எண்ணெய்க் கத்திரிக்காய். மாமிக்கு அது இல்லாவிட்டால் பிரியாணி தொண்டையில் இறங்காது. எல்லாம் யோசித்தவர் பஞ்சாங்கத்தை யோசிக்கவில்லை. அவருக்கு எதற்குப் பஞ்சாங்கம்? அந்த வெள்ளிக்கிழமை மகாளய அமாவாசை.

அமாவாசைக்குப் பரங்கிக்காய் இல்லாமல் அந்த லைனில் யாரும் இலை போட மாட்டார்கள். காலையில் கறியும் கத்திரிக்காயுமாக சைக்கிளில் வந்த பாஷா, தன் வீட்டு வாசலைப் பார்த்து பிரேக்கைப் பிடித்தார். லைன் மொத்தமும் நின்றது. ஒவ்வொரு இடுப்பிலும் ஒரு காய்.

“இன்னிக்கு வேணாம்மா,” என்றார் பாஷா. சொல்லும்போதே குரல் பாதியில் உள்ளே போய்விட்டது. “இன்னிக்கு அவ வர்றா. மாமியும் வர்றாங்க.”

“நல்ல விசயம்தானே பாய். மொதல்ல வெட்டிக் குடுத்துருங்க, அப்பறம் வரட்டும்,” என்றார் செல்வம்மாள்.

“நேத்தே ஆம்பளைங்கள வெட்டி வெக்கச் சொல்லியிருக்கலாமே.”

“வெட்டி வெச்ச பழசப் பெரியவங்களுக்குப் படைக்கறதா?” வெங்கடம்மாள் மோவாயில் கை வைத்தார். “எங்க மாமனாரு உசுரோட இருக்கும்போதே பழசு சாப்பிட மாட்டாரு பாய்.”

செத்துப்போன மாமனாரிடம் வாதாட முடியுமா? பாஷா கத்தியை எடுத்தார். ஆனால் இந்தத் தடவை ஒரு நிபந்தனை போட்டார். ஒரு துண்டுகூடத் தரக் கூடாது. தந்தால் அவர் குடும்பம் போச்சு. எல்லாரும் தலையை ஆட்டினார்கள். பாவம் பாய், அவர் குடும்பத்தைக் கெடுப்போமா என்றார்கள். பாஷா கண் கலங்க வெட்டித் தீர்த்தார். இத்தனை நாள் நீண்ட கதை இன்றோடு முடிந்தது என்று மனசு லேசானது.

பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு, தண்ணீர் எடுக்கலாம் என்று வாசல் டிரம்மின் மூடியைத் தூக்கினார். மூடிக்கு அடியில், வாழையிலையில் சுற்றி, ஒரு துண்டு பரங்கி.

அவர்கள் பாயின் குடும்பத்தையும் கெடுக்க விரும்பவில்லை, தங்கள் குடும்பத்தையும் கெடுத்துக்கொள்ள விரும்பவில்லை. பாய்க்குத் தெரியாமல் கொடுத்துவிட்டால் இரண்டும் தப்பிக்கும் அல்லவா? ஒவ்வொருத்தரும் தன் மூளைக்கு மட்டும்தான் இது தோன்றியது என்று நினைத்துக்கொண்டு, அவர் கறி கழுவப் பின்பக்கம் போன சமயத்தில் வந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பாஷா தேட ஆரம்பித்தார். ஜன்னல் கட்டையில் ஒன்று. சைக்கிள் கேரியரில் ஒன்று. செருப்புக்குப் பின்னால் ஒன்று. கொடியில் காய்ந்த தன் பனியனுக்குள் ஒன்று இருந்ததைப் பார்த்து அவருக்கு அழுகையே வந்தது. கூரை ஓட்டின் மேல்கூட ஒன்று. அதை யார் எப்படி ஏற்றினார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

மாமியின் பஸ் பேரிகையைத் தாண்டியிருக்கும். பக்கத்தில் எங்கே போட்டாலும் கண்ணில் படும். பாஷா எல்லாவற்றையும் மைதா சாக்கில் அள்ளிப் போட்டார். பட்டி இன்னும் சூடாகத்தான் இருக்கும். போட்டுக் கரியாக்கிவிட்டால் கதை முடிந்தது. கத்திரிக்காயை எண்ணெயில் போட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் சின்னத் தீயில் விட்டுவிட்டு, சைக்கிளில் பறந்தார்.

நசருல்லா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். சாக்கைத் திறந்து பார்த்தவர் துள்ளி எழுந்தார்.

“பட்டியில இதப் போட்டுக் கரிய விட்டா, அந்த நாத்தம் சாயங்காலம் போடற பன்னுல ஏறும். எவன் வாங்குவான்?”

“மாமா, கால்ல வேணும்னா விழறேன். நாத்தம் வராம நான் பாத்துக்கறேன்.”

கையில் கிடைத்ததை வைத்து மறைக்க வேண்டியதுதான். கேக்குக்காக இடித்து வைத்திருந்த பட்டை, கிராம்பு, ஏலக்காய்ப் பொடி ஒரு டப்பாவில் இருந்தது. அதைக் கவிழ்த்தார். காரா பன்னுக்கான சோம்பும் மிளகும் இருந்தன. அவற்றையும் கவிழ்த்தார். இரண்டு கரண்டி எண்ணெய், ஒரு பிடி உப்பு, அடியில் கெட்டிப்பட்டிருந்த வெல்லப்பாகு. எல்லாம் போட்டுப் பிசைந்து, பிஸ்கட் ட்ரேயில் பரப்பி, நீளப் பலகையால் பட்டியின் கடைசி மூலைக்குத் தள்ளி, இரும்புக் கதவைச் சாத்தினார். “கரியாகற வரைக்கும் தொறக்காதீங்க மாமா,” என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கரியாகியிருந்தது கத்திரிக்காய். சட்டியின் அடியில் காம்புகள் மட்டும் அடையாளம் தெரிந்தன. வேறு வாங்க நேரமில்லை, தொழுகைக்குப் பாங்கு கேட்டுவிட்டது. பள்ளிவாசலில் பாஷா கேட்டது ஒரே ஒரு துஆ. அதில் கத்திரிக்காயைச் சேர்ப்பதா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, பிறகு சேர்த்துக்கொண்டார்.

திரும்பி வந்தால் மாமியும் வஜிஹாவும் வந்துவிட்டிருந்தார்கள். வஜிஹா இளைத்திருந்தாள். பாஷா, என்ன பேசுவது என்று தெரியாமல், “பஸ்ஸுல கூட்டமா?” என்றார். அவள், “இல்ல,” என்றாள். மாமியார் புடவையைச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினார். அரிசி டப்பாவில் கையை விட்டுத் துழாவினார். பரணைப் பார்த்தார். டிரம் மூடியைத் தூக்கினார். பாயை உதறினார். கடைசியில் கூரையை அண்ணாந்து பார்த்தபோது பாஷாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க தம்பி,” என்றார் மாமி. “கத்திரிக்கா மட்டும் கொஞ்சம் தீஞ்ச வாசம் வருது.”

“தீஞ்சே போச்சு மாமி. பிரியாணி மட்டும்தான் இருக்குது.”

“தொட்டுக்க ஒண்ணுமில்லாமயா?”

அப்போதுதான் நசருல்லா உள்ளே வந்தார், கையில் ஒரு பிஸ்கட் தகரத்தோடு. விருந்துக்கு அவரையும் கூப்பிட்டிருந்தது. வாழ்நாளில் எந்த விருந்துக்கும் எதையும் கொண்டுபோகாதவர் அவர். “வெறுங்கையோட வரலாமா தங்கச்சி?” என்று தகரத்தை மாமி முன்னால் வைத்துத் திறந்தார்.

பட்டையும் கிராம்பும் வெல்லமும் கலந்த மணம் அறையை நிறைத்தது. உள்ளே ஓரமெல்லாம் கருத்து, மேலெல்லாம் பாகு பளபளக்க, துண்டு துண்டாக அடுக்கியிருந்தது. நசருல்லாவால் பட்டை கிராம்பு போட்ட ஒரு பொருளைக் கரியாக விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கதவைத் திறந்து ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவருக்குப் பாஷா சொன்னது எதுவும் ஞாபகத்தில் இல்லை.

பாஷா சுவரோடு சாய்ந்துகொண்டார். வஜிஹா தகரத்தைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். ஒரு வருஷம் பரங்கியோடு குடித்தனம் பண்ணியவளுக்கு அது எந்த வேஷத்தில் வந்தாலும் தெரியாதா?

மாமி ஒன்றை எடுத்தார். பிரியாணியோடு சேர்த்துச் சாப்பிட்டார். இன்னொன்றை எடுத்தார். வெளியே மொறுமொறுவென்றும் உள்ளே வெண்ணெயாகவும் இருக்கிறது என்றார். இனிப்பும் காரமும் ஒன்றை ஒன்று முந்துகிறது என்றார். கத்திரிக்காய் தீய்ந்ததே நல்லதாகப் போயிற்று என்றார். தகரத்தில் பாதி குறைந்த பிறகு, “இது இன்னா காயி அண்ணே?” என்று கேட்டார்.

“அத ஒன் மருமகனத்தான் கேக்கணும்,” என்றார் நசருல்லா, வாய் நிறைய.

மாமியின் பார்வை திரும்பியது. பாஷாவுக்குப் பொய் சொல்லவும் வராது. முடியாது என்று சொல்ல வராத அதே வாய்தான். “பரங்கி, மாமி,” என்றார். சாக்கு, ஓடு, பனியன் எல்லாவற்றையும் சொன்னார். “கரியாக்கத்தான் போட்டேன். நெஜமா.”

மாமி கையிலிருந்த துண்டைப் பார்த்தார். வைத்துவிடுவதா, தின்றுவிடுவதா என்று அவருக்குள் பெரிய போராட்டம் நடந்தது. அதே நேரம் வாசலில் நிழல் விழுந்தது.

“பாய்,” என்றார் செல்வம்மாள். இடுப்பில் காய். “எங்க நாத்தனாரு இப்பத்தான் ஊர்லேருந்து வந்தாங்க. அவங்களுக்கும் ஒண்ணு. ஒரே ஒரு வெட்டு.”

பழக்கதோஷம், பாஷாவின் உடம்பு பாதி எழுந்துவிட்டது. ஒரு கண்கூட மூடிக்கொண்டது. வஜிஹா தலையைக் குனிந்தாள். அவள் கை தானாகப் பக்கத்திலிருந்த பையின் காதைப் பிடித்தது. அணைக்கு எடுத்துப்போன அதே பை. பாஷா அந்தக் கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, திரும்ப உட்கார்ந்தார்.

“முடியாதும்மா,” என்றார். சொல்லி முடித்ததும் அவருக்கே திடுக்கென்றது. “இப்ப நான் வஜிஹா கூட சாப்பிட்டுக்கினு இருக்கேன்.”

செல்வம்மாள் பயந்துபோனார். பாய்க்கு உடம்பு சரியில்லையோ என்று நினைத்திருப்பார். வஜிஹாவின் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அவள் பையின் காதை விட்டாள், எழுந்து கையைக் கழுவினாள், மாடத்திலிருந்த கத்தியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“குடுங்கக்கா. நான் வெட்டறேன்.”

“ஐயையோ, பொம்பள வெட்டக் கூடாதும்மா.”

“நம்ம வீட்டுப் பொம்பளைங்க வெட்டக் கூடாது, வேற யாரு வெட்டுனா இன்னான்னு வெங்கடம்மாக்காதானே சொன்னாங்க? நான் உங்க வீட்டுப் பொம்பளையா?”

கோடி வீட்டிலிருந்து வெங்கடம்மாள் வரவழைக்கப்பட்டார். தன் தீர்ப்பைத் தானே கேட்டு, விரலை மடக்கி, நீட்டி, மறுபடி மடக்கி யோசித்தார். ஓட்டை எங்கேயும் கிடைக்கவில்லை. “சொன்னேன்தான்,” என்று ஒப்புக்கொண்டார். “சொன்னா சொன்னதுதான்.” வஜிஹா ஒரே போடில் காயை இரண்டாக்கினாள். அத்தனை வேகத்தில் பாஷாவே வெட்டியதில்லை. இத்தனை நாளும் இது நடந்திருக்கலாம் என்பது அப்போதுதான் லைனுக்கு உறைத்தது. எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

மாமி போராட்டத்தை முடித்துக்கொண்டு கையிலிருந்ததைத் தின்றுவிட்டார். தகரத்தில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு, மகளை விட்டுவிட்டு, சாயங்கால பஸ்ஸில் தனியாக ஊருக்குப் போனார்.

அடுத்த விடுமுறையில் இரண்டு பேரும் அணையைப் பார்த்தார்கள். யாரும் தடுக்கவில்லை. நசருல்லா பேக்கரியில் வெள்ளிக்கிழமைதோறும் சுட்ட பரங்கி போட ஆரம்பித்தார்கள், பிரியாணிக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள். அதைக் கண்டுபிடித்தது தான்தான் என்று நசருல்லா சொல்லிக்கொள்கிறார். வெட்டியதற்கு வஜிஹா வாங்கின பங்குத் துண்டுகள் நேராக அங்கேதான் போயின. அதன் பிறகு யார் கதவைத் தட்டினாலும் அவள் வெளியே போய், சத்தம் போடாமல் வெட்டிக் கொடுத்து அனுப்பினாள். பாஷா தூங்கினார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் இரண்டு கண்ணும் மூடித் தூங்கினார்.

ஒரு வாரம்தான் அது நீடித்தது. அதற்கப்புறம் ஒரு நாள், வழக்கமாகத் தட்டுகிற நேரத்தில் அவருக்குத் தானாக விழிப்பு வந்தது. வாசலில் காய் பிளக்கிற சத்தம் கேட்டது. பெண்கள் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள். பாய் எழுந்துவிட்டாரா என்று யாராவது கேட்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார். ஒருத்தரும் கேட்கவில்லை. அடுத்த நாளும் கேட்கவில்லை. பாஷாவுக்கு என்னவோ போல் இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். வெட்கக்கேடான விஷயம்தான், ஆனாலும் அழுகை வந்தது.

வஜிஹா உள்ளே வந்தாள். அவர் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுநாள் அதே நேரத்துக்கு, ஒரு முழுக் காயையும் கத்தியையும் கொண்டுவந்து பாய்க்குப் பக்கத்தில் வைத்து, அவர் தோளைத் தட்டினாள்.

“ஏங்க. எழுந்துட்டீங்களா?”

பாஷா ஒரு கண்ணைத் திறந்தார். “யாரு வூட்டுக் காயி?”

“நம்ம வூட்டுது. சந்தையில வாங்கினேன்.”

“நீயே வெட்டலாமே. உனக்குத்தான் ஒண்ணும் ஆகாதே.”

“ஆகாதுதான்,” என்றாள் வஜிஹா. “நீங்க வெட்டுங்க. ஒரே ஒரு வெட்டு.”

பாஷா எழுந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடியபடியே காயை இரண்டாகப் பிளந்தார். வஜிஹா அதில் பெரிய துண்டாக ஒன்றை அறுத்து அவர் கையில் கொடுத்தாள். வெட்டிய கையை வெறுங்கையாக விடக் கூடாது அல்லவா. பாஷா அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டே திரும்பப் படுத்தார். அன்றைக்கு அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.